நூறு டாலருக்கு உட்கார்ந்தவன்

ஹார்லன் டொலஃப்சன் இருபத்திரண்டு வருடம் லாஸ் வேகாஸில் கார்ப்பெட் போட்டான். புதிதாகக் கட்டிய வீடுகளில் அறை அறையாக முட்டி போட்டுத் தவழ்ந்து, விரிப்பை இழுத்துப் பிடிக்கும் கருவியை வலது முழங்காலால் உதைத்து உதைத்துச் செய்கிற வேலை. ஐம்பத்தைந்தாவது வயதில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கணும். உங்களுக்கு அது இல்ல. எலும்பும் எலும்பும் நேரா உரசுது" என்றார். அதே வருடம்தான் ஊரில் வீடு கட்டுவதும் அடியோடு நின்றது. முழங்கால் போனதால் வேலை போனதா, எப்படியும் போயிருக்குமா என்று யாராவது கேட்டால் ஹார்லனுக்குச் சொல்லத் தெரியாது.

அவர்கள் தெருவில் பதினான்கு வீடுகள். 2010 கோடைக்குள், வீட்டுக்கடன் கட்ட முடியாமல் ஆறு காலியாகிவிட்டன. அந்த ஆறில் ஐந்துக்குக் கார்ப்பெட் போட்டவன் ஹார்லன்தான். காலையில் காபிக் கோப்பையோடு நடக்கப் போனால், திரைச்சீலை இல்லாத ஜன்னல்கள் வழியே தான் போட்ட விரிப்பு தெரியும். யாரும் மிதிக்காமல், கடையில் கிடப்பது போலவே கிடக்கும். அவனுடைய வீட்டையும் வாங்கிய விலைக்குப் பாதிகூட இப்போது யாரும் தர மாட்டார்கள். கடன் மட்டும் முழுசாக நின்றது.

அவன் மனைவி ட்வைலா ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்தாள். வேலை போன முதல் எட்டு மாதம் ஹார்லன் கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எதுவும் செய்யவில்லை. கருவிகளைத் துடைத்து வைப்பான், மறுநாளும் துடைப்பான். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் ஒரு நாள் சொன்னாள்.

"எங்கயாவது போயிட்டு வா ஹார்லன். உன்னோட வேலை பாத்தவங்களோட வெள்ளிக்கிழமை சீட்டாடுவியே, அது மாதிரி எதாவது."

"அதுக்குக் காசு வேணும்."

"வாரத்துக்கு நூறு. நூறுக்கு மேல ஒரு காசு இல்ல. அது போச்சுன்னா அடுத்த வாரம் வரைக்கும் சீட்டு பேச்சே எடுக்கக் கூடாது. சரியா?"

"சரி," என்றான் ஹார்லன். சொன்னபடி ஒன்றரை வருடம் நடந்தான்.

போல்டர் நெடுஞ்சாலையில், சுற்றுலாக்காரர்கள் அதிகம் வராத ஒரு சூதாட்ட விடுதியின் பின்பக்கம் நாலு மேசை கொண்ட சீட்டு அறை இருந்தது. செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு ஹார்லன் அங்கே போவான். அந்த மேசையில் உட்கார வேண்டுமானால் குறைந்தது நூறு டாலருக்கு, காசுக்குப் பதிலாக மேசையில் வைக்கும் சில்லு வாங்க வேண்டும், அதிகபட்சம் முந்நூறு. இடையில் எவ்வளவு என்பது அவரவர் இஷ்டம். ஆனால் அந்த இஷ்டத்தில்தான் எல்லாம் இருந்தது. ஒருவன் தன் முன்னால் எவ்வளவு வைத்திருக்கிறானோ அவ்வளவைத்தான் ஒரு ஆட்டத்தில் இழக்க முடியும். ஜெயித்தாலும் எதிராளி ஒவ்வொருவரிடமிருந்தும் அவ்வளவுதான் எடுக்க முடியும். சட்டைப்பையில் ஆயிரம் இருந்தாலும், சீட்டு கைக்கு வந்த பிறகு அதை எடுத்து வைக்கக் கூடாது. ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வைத்தால்தான் கணக்கு.

ஹார்லன் நூறு டாலருக்கு உட்கார்வான். இருபது சிவப்புச் சில்லுகள். அதை இரண்டு பத்தாக அடுக்கி, மேலே ஒரு உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொள்வான். நல்ல சீட்டு வரும்வரை வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்து விட்டுவிடுவான்; வந்தால் மொத்தச் சில்லையும் நடுவில் தள்ளுவான். நடுவில் யோசிக்க ஒன்றுமில்லை. சில வாரம் அறுபது, எழுபது டாலர் சேர்த்து எடுத்துப் போவான். சில வாரம் மதியத்துக்குள் நூறும் போய்விடும், மீதி நேரம் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பான். சீட்டுப் போடும் லிகாயா, மணிலாவிலிருந்து வந்து இருபது வருடமாக அந்த மேசைகளில் சீட்டுப் போடுகிறவள், அவனைக் கண்டதும் தானே இருபது சிவப்பை எண்ணி எடுத்து வைத்துவிடுவாள்.

பக்கத்து நாற்காலி ரூஃபஸ் பொஹானனுடையது. ரூஃபஸ் முப்பத்தொரு வருடம் தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்துமூன்று வயது, எப்போதும் முந்நூறுக்கு உட்கார்கிறவர். கையில் காசிருக்கிற கர்வத்தில் அவர் அப்படிச் செய்யவில்லை. அதுதான் ஆட்டம் என்று உண்மையாகவே நம்பினார்.

"மாதா கோயில்ல காணிக்கைத் தட்டு வந்தா போடுற மாதிரி நூறை வெச்சிட்டு உக்காந்திருக்கியே ஹார்லன். உனக்கு எதாவது பெருசா வந்தா என்னத்தை எடுப்ப?"

"போனாலும் நூறுதானே போவுது."

"போறதைப் பத்தி மட்டுமே நெனச்சிட்டு வர்றவன் ஏன்யா இங்க வரணும்? நூலகத்துக்குப் போ. அங்க குளுகுளுன்னு ஏசி இருக்கு, ஒண்ணும் போவாது."

மேசையே சிரிக்கும். ஹார்லனும் சிரிப்பான். அவனுக்கு ரூஃபஸைப் பிடிக்கும்.

ஆகஸ்ட் மாதம் அங்கே வெயில் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மதியம் மூன்று மணிக்கு முன்னால் ஏசி போடுவதில்லை என்று ஹார்லனும் ட்வைலாவும் முடிவு செய்திருந்தார்கள். அப்படியும் கரண்ட் பில் இருநூற்று நாற்பது டாலர் வந்தது. பள்ளி விடுமுறை என்பதால் ட்வைலாவுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் ஒரு உறையை அவன் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"போற வழியில கட்டிட்டுப் போ. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்."

பில் கட்டும் கவுண்ட்டரில் கூட்டம். அரைமணி நேரம் நிற்க அவனுடைய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. திரும்பும்போது கட்டிக்கொள்ளலாம் என்று சீட்டு அறைக்குப் போய்விட்டான்.

அன்று மேசையில் இரண்டு புதியவர்கள். ஒருவன் டென்வரிலிருந்து யாருடைய கல்யாணத்துக்கோ வந்த இளைஞன். இன்னொருவர் வடக்கே தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர், இரண்டு வார விடுப்பில் வந்திருந்தார். இருவர் முன்னாலும் முந்நூறு. இளைஞன் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு முறை பந்தயப் பணத்தைக் கூட்டினான். லாரிக்காரர் எதையும் விடாமல் கூடவே போனார். பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பணத்தை இப்படி இறைக்கிற மேசை மாதத்துக்கு ஒரு முறைதான் அமையும்.

ரூஃபஸ் குனிந்து ஹார்லனின் காதருகே சொன்னார்.

"எவ்ளோ வெச்சிருக்க?"

"தொண்ணூத்தி நாலு."

"பையில?"

ஹார்லன் சில்லுகளைப் பார்த்தான். ஆனால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனதை ரூஃபஸ் பார்த்துவிட்டார்.

"எடுத்து வைய்யா. இப்பவே வை. இந்த ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் இருக்க மாட்டானுங்க."

"அது கரண்ட் பில் காசு ரூஃபஸ்."

"பில் வெள்ளிக்கிழமைதானே? இன்னிக்குச் செவ்வா."

லிகாயா சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். கலைத்து முடியும்வரை ஹார்லனுக்கு நேரம் இருந்தது. அவன் பொத்தானைக் கழற்றினான். உறையின் விளிம்பைத் தொட்டான். ட்வைலா அதன் மேல் பென்சிலால் கணக்கு எண்ணை எழுதியிருந்தாள், கவுண்ட்டரில் அவன் தடுமாறக் கூடாது என்று. அவன் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டான். லிகாயா ஒரு விநாடி அவனைப் பார்த்தாள். வைப்பதானால் வையுங்கள் என்பது போல. அவன் இல்லை என்று தலையாட்டினான். சீட்டு விழுந்தது.

அவனுக்கு இரண்டு ஒன்பது வந்தது.

டென்வர் இளைஞன் பன்னிரண்டு போட்டான். ஹார்லன் போட்டான். லாரிக்காரரும் போட்டார். லிகாயா எல்லோருக்கும் பொதுவாக நடுவில் மூன்று சீட்டைத் திருப்பினாள்: ஒரு ராஜா, ஒரு ஒன்பது, ஒரு நாலு. ஹார்லனிடம் இப்போது மூன்று ஒன்பது. இளைஞன் முப்பது போட்டான். ஹார்லன் தன்னிடம் மிச்சமிருந்த எண்பத்திரண்டையும் தள்ளினான். லாரிக்காரர் தன் முந்நூறில் மீதி இருந்த மொத்தத்தையும் தள்ளினார். இளைஞன் ஒரு நிமிடம் கூரையைப் பார்த்துவிட்டு, "என்ன ஆவுதோ ஆவட்டும், பாத்துடலாம்" என்று தன்னுடையதையும் தள்ளினான்.

லிகாயா பணத்தைப் பிரித்தாள். மூவரிடமிருந்தும் தொண்ணூற்று நாலு நாலாக எடுத்து நடுவில் ஒரு குவியல். அது ஹார்லனும் போட்டியிடக்கூடியது. அந்த இருவரின் மிச்சம் நானூற்றுப் பன்னிரண்டைப் பக்கவாட்டில் இன்னொரு குவியலாக வைத்தாள். அது அவர்கள் இருவருக்குள் மட்டும். ஹார்லன் அந்த இரண்டாவது குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு சீட்டு வந்தன, ஒரு ஜாக்கி, ஒரு ரெண்டு. யாருக்கும் உதவவில்லை. இளைஞனிடம் இரண்டு ஏஸ். லாரிக்காரரிடம் ஒரு ராஜாவும் ஒரு நாலும், நடுவில் கிடந்தவற்றோடு சேர்ந்து இரண்டு ஜோடி; இளைஞனின் ஒற்றை ஜோடியைவிடப் பெரியது. ஹார்லனிடம் மூன்று ஒன்பது. மேசையிலேயே பெரிய கை ஹார்லனுடையது.

நடுக்குவியல் அவனிடம் வந்தது, விடுதியின் பங்கு போக இருநூற்று எண்பது. பக்கத்துக் குவியலை, அவனிடம் தோற்ற லாரிக்காரர் இரண்டு கையாலும் வாரிக்கொண்டார்.

"நல்லா ஆடுனீங்க சார்," என்றார் லாரிக்காரர், மனசார.

ரூஃபஸ் தன் சில்லுகளைத் திரும்ப அடுக்கினார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அந்த உறை மேசைக்கு வந்திருந்தால் இப்போது அவன் முன்னால் கிட்டத்தட்ட தொள்ளாயிரம் இருந்திருக்கும். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் மனசுக்குள் அந்தக் கூட்டலைப் போட்டு முடித்துவிட்டது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. நூற்றெண்பது டாலர் ஜெயித்த மனிதன் எதையோ பறிகொடுத்தவன் போல எழுந்து, நொண்டிக்கொண்டே காசாளரிடம் போனான். வழியில் பில் கட்டும் கவுண்ட்டரில் கூட்டம் குறைந்திருந்தது. கரண்ட் பில்லைக் கட்டினான்.

வீட்டில் ட்வைலா தக்காளியும் சீஸும் வைத்து ரொட்டி செய்துகொண்டிருந்தாள். அவன் முதலில் ரசீதை மேசையில் வைத்தான், பிறகு பணத்தை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவளிடம் எதையும் பாதியில் நிறுத்தி அவனுக்குப் பழக்கமில்லை. உறையைத் தொட்டதையும், பொத்தானைப் போட்டுக்கொண்டதையும், மூன்று ஒன்பதையும் சொன்னான். சொல்லும்போது அவள் தோளைத் தட்டிக் கொடுப்பாள் என்று எங்கேயோ எதிர்பார்த்திருந்தான்.

ட்வைலா ரொட்டி வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தாள்.

"தொள்ளாயிரமா?"

"கிட்டத்தட்ட."

"ஏன் வைக்கல?"

"நீதானே நூறுன்னு சொன்ன."

"சொன்னேன்." அவள் அலம்புதொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொன்னேன்தான். அப்ப நமக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துது ஹார்லன். இழக்க எதாவது இருந்துது. இப்ப நூறைக் காப்பாத்தி என்ன பண்ணப் போறோம்? ரெண்டு மாசத் தவணை பாக்கி. தொள்ளாயிரம் இருந்தா ஒரு மாசமாவது கட்டியிருக்கலாம்."

அவன் ரொட்டியைத் தின்றான். அவளும் தின்றாள். ஏசி போடும் நேரமாகியும் இருவரும் எழுந்து போடவில்லை.

பள்ளி திறந்து முதல் சம்பளம் வந்ததும் ட்வைலா முந்நூறு டாலரை அவன் கையில் கொடுத்தாள்.

"முழுசா உக்காரு. அந்த ரூஃபஸ் உக்கார்ற மாதிரி. நானும் வேலை முடிச்சிட்டு வந்து பாக்கறேன்."

"வேணாம் ட்வைலா. இது தவணைக்கு ஆவும்."

"தவணைக்கு இது பத்தாது. பத்தாத காசை வெச்சிக்கிட்டு என்ன செய்யறது? போ."

அடுத்த செவ்வாய், வழக்கம்போல இருபது சிவப்பை எடுக்கப் போன லிகாயாவிடம் ஹார்லன் மூன்று நூறு டாலர் தாளை நீட்டினான். அவள் கை நின்றது.

"முந்நூறா ஹார்லன்?"

"முந்நூறு."

"அட, வா வா," என்று ரூஃபஸ் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். "இப்பதான் ஆள் ஆயிருக்க."

சில்லுகள் வந்தன. எப்படி அடுக்குவது என்றே ஹார்லனுக்குத் தெரியவில்லை. ஒரு உள்ளங்கைக்குள் அவை அடங்கவில்லை. முன்பெல்லாம் ஒரே முடிவுதான்: உள்ளே போவதா, விடுவதா. இப்போது ஒரு முடிவுக்குப் பின்னால் இன்னொன்று நின்றது. பதினைந்து போட்டால் எதிராளி நாற்பது போடுவான்; நாற்பதுக்குப் போனால் அடுத்த சீட்டில் நூறு கேட்பான். ஒவ்வொரு சில்லிலும் ட்வைலா நின்றபடி பரிமாறிய தட்டுகள் அவனுக்குத் தெரிந்தன. மதியம்வரை அவன் எதற்கும் போகவில்லை. சுற்றுக்கு மூன்று டாலர் கட்டாயப் பணமும், எட்டிப் பார்த்துவிட்டு விட்டவையுமாக முப்பது குறைந்திருந்தது.

இரண்டரைக்கு ட்வைலா வந்தாள். வேலையில் மாட்டும் தலைவலை இறுக்கிய கோடு நெற்றியில் அப்படியே இருந்தது. லிகாயா ஓரத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து ஹார்லனுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளச் சொன்னாள். ரூஃபஸ் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரரு மாதிரி பொறுமைசாலிய நான் பாத்ததில்ல அம்மா."

"எனக்கும் தெரியும்," என்றாள் ட்வைலா.

அரைமணி கழித்து ஹார்லனுக்கு இரண்டு ராணி வந்தது. பின்னாலிருந்து அவளும் பார்த்தாள். அவன் பதினைந்து போட்டான். எதிரே இருந்தவன், பழைய கார் விற்கிறவன், வாய் ஓயாமல் பேசுகிறவன், கூடவே வந்தான். நடுவில் ஒரு ஏஸ், ஒரு ஆறு, ஒரு மூன்று. ஹார்லன் இருபது போட்டான். கார்க்காரன் சிரித்துக்கொண்டே நூறு வைத்தான்.

"என்ன ஹார்லன், இன்னிக்குப் பணக்காரரா வந்திருக்கீங்க. வாங்களேன், நூறுதானே. நூறு உங்களுக்கு ராசியான நம்பராச்சே!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹார்லன் அவனைப் பார்த்தான். ஏஸ் இருந்தால்தான் ராணிகள் தோற்கும்; இவனிடம் ஏஸ் இல்லை. ஒன்றரை வருடமாக அவன் இந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நல்ல சீட்டு வந்தால் இவன் பேச மாட்டான். நிச்சயமாக ஏஸ் இல்லை. ஹார்லனின் விரல்கள் சில்லுகளுக்குப் போயின. அவன் ஒரு அடுக்கைப் பிரித்து, திரும்ப அடுக்கி வைப்பதை ட்வைலா கண்டாள். ஒரு நிமிடம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஹார்லன் இரண்டு ராணியையும் கவிழ்த்து லிகாயாவிடம் தள்ளினான்.

கார்க்காரன் தன் சீட்டை மல்லாக்கப் போட்டான். ஒரு எட்டு, ஒரு ஏழு. ஒன்றுமே இல்லை.

"என் அத்தை உக்காந்திருந்தாக்கூட பதிலுக்கு நூறு வெச்சிருப்பா!" என்றான். இந்த முறை ரூஃபஸ் மட்டும் சிரிக்கவில்லை.

அதே போல இன்னும் இரண்டு ஆட்டத்தை விட்டுவிட்டு நாலு மணிக்கு ஹார்லன் எழுந்தபோது கையில் நூற்று எண்பத்துமூன்று இருந்தது.

காரை ட்வைலாதான் ஓட்டினாள். சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்.

"அந்த ராணி ரெண்டும் நல்ல சீட்டுதானே?"

"நல்ல சீட்டுதான்."

"அவன்கிட்ட ஒண்ணுமில்லன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் விட்டுட்ட?"

"அது உன் சம்பளம்."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கும்வரை அவள் வண்டியை எடுக்கவில்லை. எடுத்த பிறகு, வலது பக்கம் பாதி கட்டிய நிலையில் நின்றுபோன வீடுகள் வரிசையாக ஓடின. சுவரில்லாத மரச்சட்டங்கள் வெயிலில் வெளுத்திருந்தன. அந்த வரிசை முடிகிற இடத்தில் அவள் சொன்னாள்.

"வீட்டை விட்டுடலாம் ஹார்லன்."

அவன் சண்டை போடுவான் என்று நினைத்தாள். அவன் "சரி" என்றான். முன்பு நூறு டாலருக்குச் சொன்ன அதே குரலில் சொன்னது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்போதெல்லாம் வங்கிகள், தகராறு செய்யாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு தொகை கொடுத்தன. இவர்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு. வீடு சுத்தமாக, உடைசல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அக்டோபரில் வங்கி அனுப்பிய ஆள் ஒரு அட்டையோடு அறை அறையாக வந்து குறித்துக்கொண்டான். சின்ன வயசுக்காரன், மரியாதையானவன். படுக்கையறையில் நின்று காலால் விரிப்பை அழுத்திப் பார்த்தான்.

"கார்ப்பெட் ரொம்ப நல்லாருக்கே சார். யாரு போட்டது?"

"ஒரு ஆள்," என்றான் ஹார்லன்.

சாமான்களை ஏற்ற ரூஃபஸ் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தார். எழுபத்துமூன்று வயதில் மெத்தையின் ஒரு முனையைத் தானே பிடித்தார். ஹார்லன் இன்னொரு முனையைப் பிடித்து இரண்டு படி இறங்கியதும் முழங்கால் மடங்கிவிட்டது. இருவரும் மெத்தையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு நான் அவ்ளோ சொல்லியிருக்கக் கூடாது," என்றார் ரூஃபஸ். "நூறுக்கே விட்டிருக்கணும் உன்னை."

"நூறுக்கு உக்காந்தாலும் இதேதான் ரூஃபஸ்."

"ஆமா," என்றார் ரூஃபஸ். அவருக்குப் பொய் சொல்ல வராது.

ட்வைலா தெற்கு டகோட்டாவில் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் வேலை இருந்தது. தங்கை வீட்டில் ஒரு கட்டில் போடத்தான் இடம் இருந்தது. உடல் ஊனத்துக்கான அரசு உதவிக்கு ஹார்லன் விண்ணப்பித்திருந்தான். அது கிடைத்ததும் அவனும் வருவான், தனியாக ஒரு வீடு பார்ப்பார்கள் என்று பேச்சு. முதல் விண்ணப்பம் நவம்பரில் திரும்பி வந்தது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அவன் தகுதியானவன் என்று அதில் எழுதியிருந்தது. மறுபடி எழுதினான். காரை அவள் எடுத்துப் போயிருந்ததால் போல்டர் நெடுஞ்சாலைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அவன் போகவில்லை. பழைய ஊர் மையத்தில் வாரவாடகை விடுதி ஒன்றில் அறை எடுத்திருந்தான். தரையில் கார்ப்பெட் கிடையாது, சிமெண்ட் தரை மேல் ஒட்டிய பிளாஸ்டிக் விரிப்புதான். நடந்து போகும் தூரத்தில் இரண்டு மேசை கொண்ட ஒரு சின்ன சீட்டு அறை இருந்தது. அங்கே அவனை யாருக்கும் தெரியாது.

ஞாயிறுதோறும் மதியம் ட்வைலா கூப்பிடுவாள். ஜனவரியில் ஒரு ஞாயிறு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். சூப் என்றான். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். குளிருக்குக் கொஞ்சம் அதிகம் என்றான். அங்கே மூன்று அடி பனி என்றாள். இல்லத்தில் ஒரு கிழவர் தன்னை அவருடைய மகள் என்று நினைத்துக்கொண்டு தினமும் திட்டுகிறார் என்றாள். இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

"ரெண்டாவது கடுதாசிக்குப் பதில் வந்துதா?"

"வந்துது."

இதையும் மறுத்துவிட்டார்கள் என்று அவளுக்கு அவன் குரலிலேயே தெரிந்துவிட்டது.

"சீட்டுக்குப் போறியா?"

"எப்பவாவது."

"எவ்வளவுக்கு உக்கார்ற?"

அவன் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

"இங்க அம்பதுக்கே உக்கார விடறாங்க," என்றான்.

அந்தப் பக்கம் அவள் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தது போலிருந்தது. பிறகு ஏதோ பெரிய சத்தம் கேட்டது, இரும்பு தெருவில் உரசுவது போல.

"பனி வாரற வண்டி போவுது," என்றாள் ட்வைலா. "ஒண்ணுமே கேக்கல. அடுத்த வாரம் கூப்பிடறேன்."

"சரி."

அவள் வைத்துவிட்டாள். ஹார்லன் போனைக் கட்டில் மேல் வைத்து, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்துப் படுத்துக்கொண்டான். வெளியே வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மணி இரண்டுகூட ஆகவில்லை.